சூரிய வெளிச்சம் மட்டுமே சோறு... 14 வருஷம் ஓடிய ஜூனோ விண்கலத்துக்கு 2025-ல் வந்த ஆபத்து என்ன?

2011 ஆகஸ்ட் 5-ம் தேதி அமெரிக்காவின் கேப் கெனவரலில் இருந்து கிளம்பிய ஜூனோ விண்கலத்துக்கு 2025 ஆகஸ்ட்டோடு 14 வயசு ஆனது. வியாழன் கோளைச் சுற்றிவரும் இந்த விண்கலத்தின் நீட்டிக்கப்பட்ட ஆய்வுக்காலம் 2025 செப்டம்பருடன் முடிவதாக இருந்தது. அதற்கு அப்புறம் என்ன? நீட்டிப்பு கிடைக்குமா, சுவிட்சை அணைத்துவிடுவார்களா என்பதுதான் அப்போது விண்வெளி ஆய்வாளர்கள் மத்தியில் ஓடிய கேள்வி.

இத்தனைக்கும் விண்கலம் பழுதாகியிருக்கவில்லை. கருவிகள் வேலை செய்தன, தரவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. சிக்கல் பூமியில் இருந்தது. அமெரிக்க அரசு நாசாவுக்கான 2026 நிதியாண்டு பட்ஜெட்டில் பெரிய கத்தரிக்கோல் போடச் சொல்லியிருந்தது. நிறுத்தப்பட வேண்டிய திட்டங்களின் பட்டியலில் ஜூனோவின் பெயரும் இருந்தது.

ஜூனோவைப் பற்றி நம்ம ஊரில் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் விண்வெளி வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. காரணம், இது கண்டுபிடித்தவை மட்டுமல்ல. இது எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது என்பதும்தான்.

மிக்ஸி ஓடும் கரண்ட்டில் ஒரு விண்கலம்

வியாழன் சூரியனில் இருந்து சராசரியாக 77.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியைப் போல 5 மடங்கு தூரம். தூரம் 5 மடங்கு கூடினால் வெளிச்சம் 5 மடங்கு குறையும் என்று நினைத்துவிடக் கூடாது, 5 x 5, அதாவது 25 மடங்கு குறையும். நம்ம மொட்டை மாடியில் அடிக்கிற வெயிலில் 25-ல் ஒரு பங்குதான் அங்கே.

அப்படிப்பட்ட இடத்துக்கு சோலார் பேனலை நம்பி யாராவது போவார்களா? ஜூனோவுக்கு முன்னால் வியாழன் வரையும் அதைத் தாண்டியும் 8 விண்கலங்கள் போயிருந்தன. பயோனியர் 10, பயோனியர் 11, இரண்டு வாயேஜர்கள், யுலிசஸ், கலிலியோ, காசினி, நியூ ஹொரைசன்ஸ். எட்டுமே அணுசக்தியில் இயங்கியவை. ஒன்றுகூட சூரிய வெளிச்சத்தை நம்பவில்லை.

ஜூனோ நம்பியது. அதற்காக அதன் உடம்பில் மூன்று பெரிய இறக்கைகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் நீளம். மூன்றையும் விரித்தால் கலத்தின் அகலம் 20 மீட்டரைத் தாண்டும். மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டருக்கு மேல், அதில் 18,698 சோலார் செல்கள். சென்னையில் ஒரு சிறிய ஃபிளாட்டின் தரை முழுக்க பேனல் பதித்த மாதிரி.

இவ்வளவு பெரிய ஏற்பாடு பூமி அருகே இருந்தபோது சுமார் 14 கிலோவாட் மின்சாரம் தயாரிக்கும் திறன் கொண்டிருந்தது. வியாழனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிடைத்தது? சுமார் 500 வாட். வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைக்கும் ஒரு மிக்ஸி இழுக்கிற கரண்ட். இந்த 500 வாட்டை வைத்துத்தான் கணினி ஓட வேண்டும், கேமரா ஓட வேண்டும், அறிவியல் கருவிகள் ஓட வேண்டும், பூமிக்கு சிக்னல் அனுப்ப வேண்டும். அதோடு, அந்தக் குளிரில் கருவிகள் உறைந்துவிடாமல் ஹீட்டரும் போட வேண்டும்.

2016 ஜனவரி 13-ம் தேதி ஜூனோ சூரியனில் இருந்து சுமார் 79.3 கோடி கிலோமீட்டரைத் தொட்டு, சூரிய சக்தியில் மிகத் தொலைவு சென்ற விண்கலம் என்ற சாதனையைப் படைத்தது. அதுவரை அந்தச் சாதனை ஐரோப்பாவின் ரொசெட்டா வசம் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கணும். ரொசெட்டா அந்தத் தூரத்தில் இருந்தபோது மின்சாரம் போதாமல் கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டு நீண்ட உறக்கத்தில் கிடந்தது. ஜூனோவுக்குத் தூங்குகிற வசதி கிடையாது. அந்தத் தூரத்தில்தான் அதன் வேலையே ஆரம்பம்.

அணுசக்தியை ஏன் விட்டார்கள்?

'சுற்றுச்சூழல் பாசம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வியாழன் பக்கத்தில் மாசுபடுவதற்கு யாரும் இல்லை.

பழைய விண்கலங்களில் இருந்தது அணு உலை அல்ல. புளூட்டோனியம்-238 என்ற பொருள் தானாகவே சிதைந்து சூடு தந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டை மின்சாரமாக மாற்றும் சிறிய கருவி ஒன்றைக் கலத்தோடு கட்டி அனுப்பிவிடுவார்கள். வெயில், நிழல், இரவு, பகல் எதைப் பற்றியும் கவலை இல்லை. பாதி சிதைவதற்கே 87.7 வருஷம் ஆகும். 1977-ல் கிளம்பிய வாயேஜர்கள் இன்றும் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அந்தப் புளூட்டோனியம்தான் தட்டுப்பாடு. பனிப்போர் முடியும் நேரத்தில், 1988-ல், அமெரிக்கா அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அப்புறம் ரஷ்யாவிடம் விலைக்கு வாங்கி ஓட்டினார்கள். கையிருப்பு குறையக் குறைய, யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு வந்தது. ஜூனோ கிளம்பிய அதே வருஷம் நவம்பரில் செவ்வாய்க்குக் கிளம்பிய கியூரியாசிட்டி ரோவருக்கு சுமார் 4.8 கிலோ போனது. மீண்டும் புதிதாக 50 கிராம் தயாரிக்க அமெரிக்காவுக்கு 2015 டிசம்பர் வரை ஆனது. 27 வருஷ இடைவெளிக்குப் பிறகு வெறும் 50 கிராம்!

இன்னொரு பக்கம், சோலார் செல்களின் தரம் முந்தைய 20 ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்திருந்தது. கதிர்வீச்சைத் தாங்குவதிலும் மின்சாரம் தயாரிப்பதிலும் பழைய சிலிக்கான் செல்களைவிட 50% மேம்பட்டவை சந்தைக்கு வந்திருந்தன. தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்காட் போல்டன் தலைமையிலான குழு துணிந்து சூரியனைக் கையில் எடுத்தது. சுமார் 110 கோடி டாலர் செலவுத் திட்டம். வேறு வழி குறைவாக இருந்த இடத்தில் எடுத்த முடிவு என்றாலும், நன்றாகக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

அந்த முடிவு விண்கலத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் தீர்மானித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதால், ஜூனோ பம்பரம் மாதிரி நிமிடத்துக்கு 2 முறை சுழன்றுகொண்டே நிலையாக நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. வியாழனில் இருந்து பார்த்தால் சூரியனும் பூமியும் கிட்டத்தட்ட ஒரே திசையில்தான் தெரியும். அதனால் பேனல்கள் சூரியனைப் பார்க்கும்போதே ஆன்டெனா பூமியைப் பார்க்க முடியும். துருவத்துக்குத் துருவம் ஓடும் சுற்றுப்பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. வியாழனின் நிழலுக்குள் போகாமல் எப்போதும் வெயிலிலேயே இருக்க இந்தப் பாதை உதவும். ஆபத்தான கதிர்வீச்சு வளையங்களுக்கும் மேகங்களுக்கும் நடுவே நுழைந்து வெளியே வரவும் முடியும்.

கணினி போன்ற முக்கியப் பாகங்களை சுமார் 200 கிலோ எடையுள்ள டைட்டானியம் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். ஆனால் சோலார் செல்லைப் பெட்டிக்குள் பூட்ட முடியாதே? வெயில் படணும். அதனால் அவற்றின் மேல் வழக்கத்தைவிடத் தடிமனான கண்ணாடி போர்த்தி அனுப்பினார்கள்.

20 நிமிட நிழல் காட்டிய பயம்

நிழல் என்பது இந்த விண்கலத்துக்கு எவ்வளவு பெரிய எதிரி என்பது முதலில் தெரிந்தது வியாழனில் அல்ல, நம்ம பூமியில்.

2013 அக்டோபர் 9-ம் தேதி வேகம் கூட்டிக்கொள்வதற்காக ஜூனோ பூமியை உரசிக்கொண்டு போனது. தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் சுமார் 560 கிலோமீட்டர் உயரம் வரை வந்தது. அப்போது சுமார் 20 நிமிடம் பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. வெளிச்சம் போனதும் பேட்டரியில் ஓடியது. அந்த நேரத்தில் விண்கலம் 'ஏதோ தப்பு நடக்குது' என்று முடிவு செய்து, அத்தியாவசிய வேலைகளைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சேஃப் மோடுக்குப் போய்விட்டது. பேட்டரிக்கான எச்சரிக்கை அளவு சரியாக வைக்கப்படாததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சரிசெய்து பயணம் தொடர்ந்தது.

சந்திரயான்-3 நினைவிருக்கிறதா? 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டர் சுமார் இரண்டு வாரம் அருமையாக வேலை செய்தது. நிலவில் இரவு வந்ததும் தூங்க வைக்கப்பட்டது, மறுபடி எழுந்திருக்கவே இல்லை. வெயிலை நம்பும் எந்த இயந்திரத்துக்கும் இருட்டோடு வரும் குளிர்தான் எமன்.

2016 ஜூலை 5-ம் தேதி காலை, நம்ம நேரப்படி, ஜூனோ வியாழனைச் சென்றடைந்தது. 35 நிமிடம் மெயின் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்தால்தான் வியாழனின் பிடியில் சிக்கும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும். அங்கிருந்து சிக்னல் பூமிக்கு வர 48 நிமிடம். அதாவது எஞ்சின் எரியத் தொடங்கிய செய்தி இங்கே வந்து சேரும்போது அங்கே வேலையே முடிந்திருக்கும். அந்த நேரத்தில் எஞ்சினுக்காக விண்கலம் திரும்பி நின்றதால் பேனல்கள் சூரியனை நேராகப் பார்க்கவில்லை. பேட்டரிதான் தாங்கியது. வேலை முடிந்ததும் முதல் காரியமாக சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒட்டிக்கொண்ட வால்வு, எதிரே வந்த 12 மணி நேர இருட்டு

உண்மையான நெருக்கடி இதற்குப் பிறகுதான்.

வியாழனைச் சேர்ந்தபோது ஜூனோ ஒரு சுற்றுக்கு 53 நாள் எடுத்துக்கொண்டது. மெயின் எஞ்சினை இன்னொரு முறை எரித்து அதை 14 நாளாகச் சுருக்க வேண்டும், 2018 பிப்ரவரிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அசல் திட்டம். 2016 அக்டோபரில் அதற்குத் தயாரானபோது ஒரு சிக்கல். எரிபொருள் அழுத்தத்துக்கான இரண்டு ஹீலியம் வால்வுகள் சொன்ன நேரத்தில் திறக்கவில்லை. சில வினாடிகளில் திறக்க வேண்டியவை பல நிமிடம் எடுத்துக்கொண்டன. அந்த நிலையில் எஞ்சினை எரித்தால் விண்கலம் எந்தப் பாதைக்குப் போகும் என்று உறுதியில்லை.

மாதக்கணக்கில் யோசித்த பிறகு, 2017 பிப்ரவரியில் நாசா எஞ்சினைத் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்தது. 53 நாள் பாதையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறை வியாழனை நெருங்கும்போதும் கிடைக்கும் தரவு ஒன்றுதான், என்ன, 14 நாளுக்கு ஒரு முறை கிடைப்பது 53 நாளுக்கு ஒரு முறை கிடைக்கும். பொறுமை இருந்தால் போதும். நியாயமான முடிவுதான்.

ஆனால் ஆய்வுக்காலம் நீண்டதால் பழைய பயம் திரும்பி வந்தது. 2018-லேயே வேலை முடிந்திருந்தால் நிழல் பிரச்னை எழுந்தே இருக்காது. வியாழன் சூரியனைச் சுற்ற சுமார் 12 வருஷம் எடுத்துக்கொள்ளும். குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒரு ராசி என்று கணக்கு வருவதே இதனால்தான். வியாழன் இப்படி நகர நகர, சூரியன் இருக்கும் திசையும் மாறுகிறது, நிழல் விழும் திசையும் மாறுகிறது. ஜூனோவின் பாதையோ அப்படியே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, 2019 நவம்பர் 3-ம் தேதி ஜூனோ நேராக வியாழனின் நிழலுக்குள் நுழையும் என்று தெரிந்தது.

எவ்வளவு நேரம்? 12 மணி நேரம்.

20 நிமிட நிழலுக்கே எச்சரிக்கை மணி அடித்த விண்கலம். 12 மணி நேரம் வெயில் இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிடும், ஹீட்டர் நின்றுவிடும், வெளியே வரும்போது எழுப்ப முடியாத அளவுக்குக் குளிர்ந்துபோயிருக்கும். மெயின் எஞ்சினும் கிடையாது. இருப்பதெல்லாம் திசையை லேசாகத் திருத்தப் பயன்படும் சின்னச் சின்ன த்ரஸ்டர்கள்.

அந்தச் சின்னதை வைத்தே வேலையை முடித்தார்கள் என்பதுதான் கதை. அமெரிக்க நேரப்படி 2019 செப்டம்பர் 30 மாலை தொடங்கி, த்ரஸ்டர்களை விடாமல் 10.5 மணி நேரம் எரித்தார்கள். அதற்கு முன் அவற்றை அதிகபட்சமாக இயக்கிய நேரத்தைவிட 5 மடங்கு அதிகம். சுமார் 73 கிலோ எரிபொருள் செலவானது. வேகத்தில் கிடைத்த மாற்றம் மணிக்கு 203 கிலோமீட்டர். வியாழனை நெருங்கும்போது மணிக்கு 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் கலத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே லேசாகத் தட்டிவிட்டதால், நவம்பர் 3 வந்தபோது ஜூனோ நிழலை ஒட்டி, வெளிச்சத்திலேயே கடந்து போனது.

இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. உயிர் தப்பிய அதே நாளில், அதே சுற்றில், வியாழனின் தென் துருவத்தில் ஒரு புதிய புயல் பிறந்திருப்பதை ஜூனோவின் இத்தாலியக் கருவி படம் பிடித்தது. ஏற்கெனவே நடுவில் ஒரு புயலும் அதைச் சுற்றி 5 புயல்களும் இருந்த இடத்தில், ஆறாவதாக ஒன்று வந்து உட்கார்ந்து ஐங்கோணத்தை அறுகோணம் ஆக்கியிருந்தது. குட்டிப் புயல்தான், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அளவுக்கு!

சரி, இதுவரை என்ன கண்டுபிடித்தது?

ரோமானியப் புராணத்தில் ஜூபிடர் மேகத்தைப் போர்த்திக்கொண்டு சேட்டை செய்ய, மனைவி ஜூனோ மேகத்தை ஊடுருவிப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம். பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்கள். வேலையும் அதுவேதான், மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

வியாழனில் தெரியும் அந்தப் பட்டைப் பட்டையான கோடுகள் மேலோட்டமானவை அல்ல. அந்தக் காற்றோட்டங்கள் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகின்றன என்பது ஜூனோ சொன்னபிறகுதான் தெரியும். புகழ்பெற்ற 'பெரிய சிவப்புப் புள்ளி' என்ற ராட்சதப் புயலின் வேர் 300 முதல் 500 கிலோமீட்டர் வரை போகிறது.

பாடப்புத்தகங்களில் வியாழனின் நடுவில் உருண்டையாக ஒரு கரு வரைந்திருப்பார்கள். ஜூனோவின் ஈர்ப்பு விசைத் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. தெளிவான எல்லை இல்லாமல், சுற்றியிருக்கும் வாயுவோடு கரைந்து பரந்து கிடக்கும் கரு அது. வியாழன் எப்படி உருவானது என்ற கேள்வியையே இது புரட்டிப் போட்டுவிட்டது. சூரியன் உருவான பிறகு மிச்சமிருந்த பொருளில் பெரும்பகுதியை வாரிச் சுருட்டிக்கொண்ட கோள் வியாழன். நிறை நம்ம பூமியைப் போல 318 மடங்கு. அது பிறந்த கதை தெரிந்தால் பூமி பிறந்த கதையின் பாதி தெரிந்த மாதிரி.

தண்ணீர் விஷயமும் முக்கியம். 1995-ல் கலிலியோ விண்கலம் வியாழனுக்குள் இறக்கிய கருவி, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான ஈரப்பதத்தைக் காட்டி எல்லோரையும் குழப்பியது. ஜூனோவின் கணக்கில், வியாழனின் நடுக்கோட்டுப் பகுதியில் மூலக்கூறுகளில் சுமார் 0.25% தண்ணீர். கலிலியோ கருவி வறண்ட இடமாகப் பார்த்து விழுந்திருக்கிறது என்பது இப்போது புரிகிறது. ஏதோ ஒரு மூலையில் கிணறு தோண்டித் தண்ணீர் இல்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

எஞ்சின் செய்ய முடியாத வேலையை நிலாக்கள் செய்தன என்பது இன்னொரு சுவாரஸ்யம். 2021 ஜூன் 7-ல் கானிமீட் நிலாவுக்கு 1,038 கிலோமீட்டர் அருகே போனது. அதன் ஈர்ப்பு இழுத்ததில் 53 நாள் சுற்று 43 ஆனது. 2022 செப்டம்பர் 29-ல் யூரோப்பாவுக்கு 352 கிலோமீட்டர் அருகே. சுற்று 38 நாள் ஆனது. 2023 டிசம்பர் 30, 2024 பிப்ரவரி 3 ஆகிய தேதிகளில் எரிமலைகள் கொதிக்கும் அயோ நிலாவை 1,500 கிலோமீட்டர் அருகில் கடந்தது. அதன் பிறகு 33 நாளுக்கு ஒரு சுற்று. யூரோப்பாவின் பனி மேற்பரப்பில் வினாடிக்கு சுமார் 12 கிலோ ஆக்சிஜன் உருவாகிறது என்பதும் இந்தப் பயணத்தில் கிடைத்த கணக்கு. முன்பு நினைத்ததைவிட இது குறைவு. பனிக்கு அடியில் கடலில் உயிர் இருக்குமா என்று தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

வாட்ஸ்அப்பில் 'நீல நிற வியாழன்' என்று ஒரு படம் அடிக்கடி சுற்றும். போலி இல்லை, ஜூனோகேம் எடுத்த தென் துருவப் படம்தான். ஆனால் புயல்கள் தெளிவாகத் தெரிய நிறம் கூட்டப்பட்டது. நேரில் பார்த்தால் அவ்வளவு நீலமாக இருக்காது. இந்தக் கேமராவின் படங்களை நாசா அப்படியே இணையத்தில் போட்டுவிடும், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் எடுத்து மெருகேற்றுவார்கள். நாம் ரசிக்கும் படங்களில் பல அவர்கள் கைவண்ணம்.

வயசாகிறது, உண்மைதான்

ஜூனோ இன்னும் பல வருஷம் அப்படியே ஓடும் என்று சொல்வதும் சரியல்ல. கதிர்வீச்சு மெல்ல மெல்லத் தின்கிறது. வெறும் 8 சுற்றுக்காக வடிவமைக்கப்பட்ட ஜூனோகேம் முதல் 34 சுற்றும் நன்றாகவே ஓடியது. 47-வது சுற்றில் படங்களில் கோடு விழ ஆரம்பித்தது. 2023 கடைசியில், அயோவை நெருங்கும் நேரம் பார்த்து, படம் கிட்டத்தட்ட பயனற்றதாகிவிட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கேமராவை எப்படி ரிப்பேர் செய்வது? இருந்த ஒரே ஹீட்டரை முழுவீச்சில் போட்டுக் கேமராவைச் சூடேற்றினார்கள். சூட்டில் மின்னணுப் பாகங்களின் சேதம் ஓரளவு சரியாகும் என்பது கணக்கு. அயோ சந்திப்புக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில் படம் தெளிந்தது.

2025 ஏப்ரல் 4-ம் தேதி, வியாழனை 71-வது முறையாக நெருங்கும்போது, விண்கலம் ஒரே நாளில் இரண்டு முறை சேஃப் மோடுக்குப் போய் மீண்டது. தடிமனான கண்ணாடி போர்த்தியும் சோலார் செல்களின் திறன் வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். வயதான இயந்திரம்தான். ஆனால் வேலை செய்யும் வயதான இயந்திரம்.

பணம் என்ன ஆகும்?

2025 மே மாதம் அமெரிக்க அரசு வெளியிட்ட பட்ஜெட் முன்மொழிவு, நாசாவின் மொத்த நிதியை சுமார் 24% குறைத்து 1,880 கோடி டாலராக்கச் சொன்னது. அறிவியல் பிரிவுக்கு அடி இன்னும் பலம். கிட்டத்தட்ட பாதி போயிருக்கும். புளூட்டோவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் நியூ ஹொரைசன்ஸ் உட்பட, இயங்கிக்கொண்டிருந்த பல விண்கலங்களை நிறுத்தும் பட்டியலில்தான் ஜூனோவும் இருந்தது.

முன்மொழிவு என்பது முடிவு அல்ல. பணத்தை ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றம். 2025 ஜூலையில் அதன் இரு அவைகளிலும் தயாரான வரைவுகள் நாசாவின் மொத்த நிதியில் இவ்வளவு பெரிய வெட்டை ஏற்கவில்லை. ஆனால் மொத்த நிதி தப்பித்தாலும், நீட்டிப்புக்காலம் முடியும் நிலையில் இருந்த ஒரு பழைய விண்கலத்துக்கு அதில் பங்கு கிடைக்குமா என்பது தனிக் கேள்வியாக இருந்தது.

'110 கோடி டாலர் செலவில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது, புதிய திட்டங்களுக்கு வழிவிடலாமே' என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. விண்கலம் சும்மா ஓடவில்லை. பூமியில் ஆட்கள், ஆன்டெனாக்கள், சம்பளம் எல்லாம் வேண்டும். ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வியாழனுக்குப் புதிய விண்கலங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14-ல் கிளம்பியது, சேர்வது 2030 ஏப்ரலில். ஐரோப்பாவின் ஜூஸ் 2023 ஏப்ரல் 14-ல் கிளம்பியது, சேர்வது 2031 ஜூலையில். ஜூனோவை 2025 செப்டம்பரில் அணைத்தால் சுமார் நாலரை வருஷத்துக்கு வியாழனைச் சுற்றி ஒரு விண்கலமும் இருக்காது என்ற நிலை. 33 நாளுக்கு ஒரு முறை அயோவின் எரிமலையையும் துருவப் புயலையும் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. அவை கிளிப்பர் வரும்வரை காத்திருக்கப் போவதும் இல்லை.

அந்த இரண்டு புதிய விண்கலங்களுமே சோலார் பேனலில்தான் போகின்றன. கிளிப்பரின் இறக்கைகளை விரித்தால் 30 மீட்டருக்கு மேல். ஜூஸில் 85 சதுர மீட்டர் பேனல். 2011-க்கு முன்னால் வியாழனுக்கு சோலார் என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்கள். இப்போது அதுதான் வழக்கமான தேர்வு.

அதற்காக இன்னும் தள்ளியும் இதே வழியில் போய்விடலாமா என்றால், அது கஷ்டம். சனியில் வெயில் பூமியில் இருப்பதில் சுமார் 90-ல் ஒரு பங்குதான். சனியின் டைட்டன் நிலாவில் பறக்கப்போகும் நாசாவின் டிராகன்ஃபிளை 2028-ல் கிளம்பத் திட்டம், அது புளூட்டோனியத்தோடுதான் போகிறது. டைட்டனை மூடியிருக்கும் அடர்ந்த புகைமூட்டத்துக்குள் பேனல் விரித்துப் பயனில்லை.

ஜூனோவின் ஆய்வுக்காலம் முடிந்தால் என்ன நடக்கும்? கலிலியோ விண்கலத்தை 2003 செப்டம்பர் 21-ல் வேண்டுமென்றே வியாழனுக்குள் மோதவிட்டார்கள். பூமியில் இருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமிகள் ஏதாவது யூரோப்பாவின் கடலுக்குள் போய்விடக்கூடாது என்ற எச்சரிக்கை. ஜூனோவின் பாதை இப்போது இருக்கும் விதத்தில் அப்படி மோதவைக்க எஞ்சின்கூடத் தேவையில்லை. பாதை தானாகவே சிதைந்து, ஒரு நாள் அது வியாழனின் மேகங்களுக்குள் விழுந்து எரிந்துவிடும். அதுவரை பேனல்கள் சூரியனைப் பார்த்தபடிதான் சுழன்றுகொண்டிருக்கும். கேட்பதற்கு இங்கே ஆட்கள் இருப்பார்களா என்பது 2025 அக்டோபர் 1-ம் தேதி தொடங்கிய அமெரிக்க நிதியாண்டுக்கான கணக்கைப் பொறுத்ததாக இருந்தது.